தண்ணீர் படக் கூடாது

பெர்லித்தா அக்காவின் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, பேனாவால் ஐந்து புள்ளிகள் வைத்தேன். பேனா நுனி பட்டதற்கே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

என் பிசியோதெரபி அறைக்கு நான்காவது முறையாக வருகிறார். வீக்கம் அப்படியே இருக்கிறது.

மூன்று பேரும் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். நான், அக்கா, கைப்பையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மிஸிஸ் லக்சமானா. அக்கா வீட்டுவேலை பார்ப்பது அவர் வீட்டில்தான். சிகிச்சைச் செலவு அவருடையது என்பதால் ஒவ்வொரு முறையும் கூடவே வருவார். அன்பினால் அல்ல.

லேசர் முனையை முதல் புள்ளியில் வைத்து அழுத்தினேன். மெஷின் பீப் என்றது.

கண்ணுக்குத் தெரியாத ஒளி. சுடாது, குத்தாது. உள்ளே இருக்கும் அழற்சியை மெல்லத் தணிக்கும். மறுநாளே மூன்று வாளித் துணி பிழிந்தால் தணிந்ததெல்லாம் திரும்பிவிடும்.

முதல் முறையே சீட்டில் 'பத்து நாள் ஓய்வு' என்று எழுதினேன். மிஸிஸ் லக்சமானா அதை மடித்துக் கைப்பையில் போட்டார். இரண்டாம் முறை அடிக்கோடு போட்டு எழுதினேன். மூன்றாம் முறை பெரிய எழுத்தில். அந்த வீட்டில் ஓய்வு எடுப்பது என் சீட்டுகள் மட்டும்தான்.

இரண்டாம் புள்ளி. பீப்.

"மேம், இதுக்கப்புறம் கையில தண்ணி படலாமா? பஸ்மா வந்துடாதே?"

அக்காவிடமிருந்து மறுபடியும் அதே கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூடேறிய கையில் தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டு, கை நடுங்கத் தொடங்கும், அதுதான் பஸ்மா என்று இந்தப் பக்கொலோட் ஊரில் பால்குடிக் குழந்தையும் சொல்லும். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. இஸ்திரி போட்ட கையை மறுநாள் வரை கழுவாத அம்மாவோடும், அவளுக்கு ஒத்து ஊதும் தெருவோடும் அந்தப் பட்டத்தை வைத்துத்தான் சண்டை போடுகிறேன். போன மூன்று முறையும் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவுக்கு வகுப்பே எடுத்தேன். லேசரில் சூடு இல்லை. பஸ்மா என்று ஒரு நோயே இல்லை. தாராளமாகக் கழுவலாம்.

மூன்று முறையும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று முறையும் மிஸிஸ் லக்சமானா சிரித்தார்.

இன்றும் சிரித்தார். "நல்லா சொல்லும்மா. படிச்ச பொண்ணு நீ சொன்னாத்தான் இவளுக்கு ஏறும். அடுத்த வாரம் திருவிழா. பதினாறு ஜன்னல் திரை கெடக்கு, மெஷின்ல போட்டா கிழிஞ்சுடும், கையாலதான் துவைக்கணும். இவ என்னடான்னா பஸ்மா பஸ்மான்னு சாக்கு சொல்லிக்கிட்டுத் திரியுறா."

மூன்றாம் புள்ளி. முனைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். பதினாறு திரையைப் பிழிந்தால் அடுத்தது ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் கத்தி. ஆறு வாரம் கட்டுப் போட்ட கையோடு இருப்பவரை அந்த வீட்டில் யார் வைத்துக்கொள்வார்கள்?

நான்காம் புள்ளி. கோபத்தில் முனை நழுவியது. திரும்ப வைத்தேன்.

"பஸ்மா வரும்," என்றேன்.

சிரிப்பு நின்றது. "அன்னைக்கு சூடே இல்லன்னியே?"

"வெளிய இல்ல மேடம். பூராவும் உள்ள. நாலு தடவ வச்ச சூடு அங்கயேதான் சேர்ந்து கெடக்கு. இப்ப தண்ணி பட்டா அவ்வளவுதான், கை ஆயுசுக்கும் நடுங்கும். பத்து நாள் ஒரு சொட்டு படக் கூடாது. இந்த அஞ்சு புள்ளியும் அழியாம இருக்கணும். தினமும் நீங்களே பாத்துக்கங்க."

சுவரில் என் பட்டச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

மிஸிஸ் லக்சமானா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தன் இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஐந்தாம் புள்ளி. பீப்.

"அப்ப திரையெல்லாம் லாண்டரிக்குத்தான் போடணும்," என்று முனகிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, டிரைவரைக் கூப்பிட வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. 

பெர்லித்தா அக்கா எழுந்தார். நேராக மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனார். குழாயை முழுக்கத் திறந்து, மணிக்கட்டை அதன் கீழே நீட்டினார்.

"அப்பாடா," என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தேன்.

"பன்னெண்டு வருஷமா அந்த வீட்ல காலைல இஸ்திரி, அந்தக் கையோடயே துவையல். பஸ்மா வரணும்னா எப்பவோ வந்திருக்கணும், இண்டாய்." 'மேம்' என்பது போய்விட்டது. தன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல இண்டாய் என்றார். "தண்ணி படக் கூடாதுன்னு நீ சொல்றது அவங்க காதுல விழட்டும்னுதான் ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்டேன். நீ பாடம் நடத்துற!"

முகம் சுட்டது. அப்புறம் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியாமல். அவரும் சிரித்தார்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. அக்கா கையைத் துண்டில் ஒற்றினார். ஐந்து புள்ளியும் போயிருந்தன. மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார்.

"சீக்கிரம் வை. அழியாத பேனாவா பாத்து எடு. பத்து நாளும் நான் குளிக்கணும்ல."