ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

மலைமேல் வாசலூர்பட்டியில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவரைப் பந்தலுக்கு அருகே, ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளில் உட்கார்ந்து செல்லாத்தாள் மிதிக்கிறாள். தரையில் படாத பின்சக்கரம் விர்ரென்று சுற்ற, அந்தக் காற்றில் கீரைப்பாத்தி சிலுசிலுக்கிறது. போன கோடையில், பொங்கியண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சைக்கிளில் மலையெல்லாம் சுற்றினார்கள். மழைக்காலத்தில் அவளுக்கு வழிகள் மறந்தன. தை பிறப்பதற்குள் முகங்களும். இப்போது அவர் ஒரு கையால் சீட்டைப் பிடித்தபடி மறு கையால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். “வளைவு வருது, பிரேக்கைப் புடி கண்ணு.” பிடிக்கிறாள். சக்கரம் நிற்கிறது. “ஏனுங்க, சோளக்காட்டுச் சந்தை வந்துருச்சுங்களா?” “இன்னுங் கொஞ்சந்தான்.” மறுபடி மிதிக்கிறாள். மலையடியில் கீழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்த மகள் சுகந்தி, பையை இறக்கி வைக்காமலே சைக்கிளுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். “அம்மா, நாந்தான்.” செல்லாத்தாள் மணியடிக்கிறாள், சிரித்த முகமாகத்தான். “செத்த ஓரமா நில்லு சாமி. எம் பொண்ணு ஊட்டுக்குப் போறோம். அவ பாத்துக்கிட்டே இருப்பா.” பொங்கியண்ணன் தண்ணீரையே பார்க்கிறார். சுகந்தி நகர்ந்து வழி விடுகிறாள்.