ஸ்டீயரிங்கில் ஆட்டம்

“அப்பா கையில ஒரு குறையும் இல்ல. வண்டியிலதான் கோளாறு” என்றாள் மகள். அண்ணன், அப்பா வண்டியை இடித்ததில் சிமென்ட் பெயர்ந்து கிடந்த கேட் தூணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போன வாரம் அவன் அப்பாவின் பிக்கப் வண்டிச் சாவியைக் கேட்டதற்குப் பெரியவர் வீடே அதிரக் கத்தியிருந்தார். கடை கடையாகத் தண்ணீர் கேன் போடுவதுதான் அவர் தொழில். வண்டி போய்விட்டால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்காது என்ற பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மகள்தான் இதமாகப் பேசினாள். முதலில் வண்டியைச் சரி பண்ணலாம், அதற்கப்புறமும் இடித்தால் அவரே சாவியைக் கொடுத்துவிடட்டும் என்றாள். தனக்காகப் பேசவும் ஒருத்தி இருக்கிறாளே என்று பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். மகள் ஏறி உட்கார்ந்து ஆட்டினாள். பொம்பளை கைக்கு அடங்காத வண்டி என்று அப்பா அந்த இருக்கையில் அவளை ஒருநாளும் உட்காரவிட்டதில்லை. பக்கத்து இருக்கையில் தினமும் கூடப் போய், அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு, கேன் இறக்குவதோடு சரி.

ஒரு சாண் திருப்பிய பிறகுதான் சக்கரமே அசைந்தது.

“இவ்வளவு ஆட்டத்தை வச்சுக்கிட்டு எப்படிண்ணே ஓட்டினீங்க?” என்றார் மெக்கானிக் பெரியவரிடம்.

“வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஒரு சாண் திருப்பி வச்சிருவேன் தம்பி” என்றார் பெரியவர், கொஞ்சம் பெருமையாகவே. “கை தானாச் செஞ்சிரும்.”

தேய்ந்துபோன ஸ்டீயரிங் மூட்டு ஒன்றை மாற்றி, ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கிவிட்டு, மெக்கானிக் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனார். சோப்பு கொடுக்கக் கூடப் போன மகளிடம் அவர் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

“ஓட்டிப் பாருங்கப்பா.”

பெரியவர் சாமி கும்பிடுகிற மாதிரி ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கேட்டுக்கு முன்னால் வழக்கம்போலத் திருப்பினார். வண்டி வெடுக்கென்று இடப்பக்கத் தூணுக்குப் பாய்ந்தது. பதறிப்போய் மறுபக்கம் ஒடித்தார். வலப்பக்கத் தூணில் மோதி, விளக்கு நொறுங்கி, நின்றது.

அண்ணன்கூடத் திட்டாமல், குனிந்து விளக்குச் சில்லுகளைப் பொறுக்கினான். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. இனிமேல் வண்டியின் மேல் பழி போட முடியாது. இறங்கி நின்று, வேறு யாருடையவையோ போலத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

“வயசாயிடுச்சும்மா எனக்கு” என்றார். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணனும் பின்னாலேயே போனான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மெக்கானிக்கின் முழங்கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

“ஏம்மா, ஆட்டம் போயிடுச்சு, பழைய பழக்கத்துல திருப்பினா வண்டி பாயும், கை பழக ரெண்டு நாள் ஆகும்னு சொன்னேனே. அப்பாகிட்ட சொல்லலையா?”

மகள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

“அதுக்குத்தானே சரி பண்ணச் சொன்னேன்.”