ஒரே மாதிரி இரண்டு

ஹலீமா இடது டிவியில் ஓடிய அருவியைப் பார்த்தார். பிறகு வலது டிவியில் ஓடிய அதே அருவியைப் பார்த்தார். இரண்டிலும் தண்ணீர் ஒரே நீலமாக விழ வேண்டுமே என்று மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டார்.

தஞ்சாவூரில் அந்தக் கடையில், அறுபத்தைந்து இன்ச்சில், மிச்சம் இருந்தவை அந்த இரண்டுதான். கம்பெனி வேறு, விலை ஏறக்குறைய ஒன்று. அடுத்த லோடு நோன்புப் பெருநாள் கழித்துத்தான் வரும். பெருநாளுக்கு முன்பே ஷார்ஜாவிலிருந்து மருமகன்கள் இருவரும் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் மூத்த மகள் வீட்டில் ஒன்று, இளைய மகள் வீட்டில் ஒன்று என்று டிவி சுவரில் ஏறிவிட வேண்டும் எனச் சிங்கப்பூரிலிருந்து மகன் சைபுல்லா சொல்லிவிட்டான்.

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். மாட்டிக்கொண்டது ஹலீமா.

சட்டையில் சதீஷ் என்று பெயர் குத்தியிருந்த விற்பனையாளர் பாவம். வித்தியாசத்தை எடுத்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. இதில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், அதில் சத்தம் கொஞ்சம் கனமாக இருக்கும் என்று உற்சாகமாக ஆரம்பித்தார். ஹலீமா நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, எது நல்லதுன்னு நான் கேக்கலை. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுங்க. அது போதும்."

இப்படி ஒரு வாடிக்கையாளரைச் சதீஷ் அதுவரை பார்த்ததில்லை.

ஹலீமாவைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு இந்தப் பக்கம் மூத்தவள் சஃபியா, அந்தப் பக்கம் இளையவள் ஹாஃபிஸா. முத்துப்பேட்டையிலிருந்து காரில் வரும்போதும் உம்மாதான் நடுவில்.

அவர்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார்; பயணமென்று வெளிநாடு போவார், வருவார். பெண் வீட்டை விட்டு நகர மாட்டாள். ஹலீமாவின் கணவர் ஜெய்னுலாபுதீன் சவூதியில் உழைத்ததையெல்லாம் கொட்டி, கண்ணை மூடுவதற்கு முன் இரண்டு பெண்களுக்கும் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார். ஒட்டினாற்போல, சுவரோடு சுவராக. ஒருத்திக்குக் கூடுதல், ஒருத்திக்குக் குறைச்சல் என்ற பேச்சே வரக் கூடாதென்று ஒரே பிளானை அச்சு அசலாக இரண்டு தடவை கட்டச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. பிளானில் அடுப்படி ஜன்னல் கிழக்கே. ஹாஃபிஸா வீட்டில் அதைத் திறந்தால் கடல் காற்று. சஃபியா வீட்டுக்குக் கிழக்கே இருந்ததோ தங்கை வீட்டுச் சுவர். பிளானில் இருக்கிறதே என்று கொத்தனார் அங்கேயும் ஜன்னல் வைத்தார். திறந்தால் செங்கல்.

அவளுக்குக் காற்று, எனக்குச் செங்கல்லா என்று சஃபியா கேட்ட நாளோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பெருநாள் ஸலாம்கூட உம்மா வழியாகத்தான் போய் வந்தது. மீன் ஆணம் வைத்தால் அந்தக் குழம்புக் கிண்ணமும் உம்மா கையில்தான் வாசல் தாண்டியது. உம்மாவோ வாரம் ஒரு வீடாக, முறை தவறாமல் படுத்தெழுந்தார்.

இப்போது டிவியிலும் ஒரு ஜன்னல் வந்துவிடக் கூடாது. ஹலீமாவின் பயமெல்லாம் அதுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருவி, கிளி, மாம்பழம் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கிளியின் பச்சை வலப்பக்கம் ஒரு மாற்றுக் கூடத்தான் இருந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அந்தப் பொய்யை அல்லாஹ் மன்னிப்பான்.

இத்தனைக்கும் சஃபியா வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. அவள் திறந்தபோது, தொலைந்தோம் என்றுதான் ஹலீமா நினைத்தார்.

"ரெண்டு வேணாம் உம்மா. ஒண்ணு வாங்கி அவ வீட்டுல மாட்டுங்க."

ஹலீமாவுக்கு நெஞ்சு குளிர்ந்தே போயிற்று. மூத்தவள் விட்டுக்கொடுக்கிறாள், இனி தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பாள், அந்த நடுச்சுவரைக்கூட இடித்துவிடலாம் என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

சஃபியா டிவியைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னாள். அவள் கணவருக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டதாம். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டதாம். இந்தத் தடவை அவர் வருவதே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகத்தானாம். உம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்தாளாம். பூட்டிப் போடப் போகிற வீட்டுக்கு டிவி எதற்கு?

ஹலீமாவின் கணவர் பயணம் போனார், மகன் போனான், மருமகன்கள் போனார்கள். அத்தனை பேரையும் வாசலில் நின்று அனுப்பிவைத்தவர். பெண் பிள்ளையும் போவாள் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஹாஃபிஸாதான் உம்மாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அக்காளின் கையைப் பிடித்தாள்.

"எப்ப லாத்தா?"

அக்காளைக் கூப்பிடும் 'லாத்தா', வருஷக்கணக்கில் அந்த வாயில் வராத சொல். சஃபியாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடை என்றும் பார்க்காமல் தங்கையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

சதீஷ் ஒன்றும் புரியாமல் ரிமோட்டும் கையுமாக நின்றார். கடைசியில் தயங்கித் தயங்கி, எதைக் கட்டி ஏற்றட்டும் என்று ஹலீமாவைக் கேட்டார்.

ஹலீமா மகள்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எதுன்னாலும் சரி தம்பி. ஏதாச்சும் ஒண்ணு போடுங்க."