டன்லப் ஸ்திரீட் வீடு

"இந்த வீட்டை வாங்கினீங்கன்னா தூக்கத்தை மறந்துட வேண்டியதுதான், சொல்லிட்டேன்!"

பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசிய ஜரீனாவை வேலாயுதம் ஏற இறங்கப் பார்த்தார். ஹார்பர் போர்டில் தலைமைக் கிளார்க். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவர்.

முதலில் பார்த்தது காத்தோங் வட்டாரத்தில். அங்கே கடல் காற்று உண்டு. அக்கம்பக்கத்தில் ஒரு தமிழ் முகம் இல்லை. சைனாடவுனில் கோயில் உண்டு, மூச்சுவிட இடமில்லை. அலைந்து அலைந்து கடைசியில் இந்த வீடுதான் மனசில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் காலத்து வீடு. பூ ஓடு பதித்த முகப்பு, தேக்கு மாடிப்படி. விடுவாரா?

"ஏன் தூக்கம் வராது?"

"பின்னால கள்ளுக்கடை. ஒரே கூச்சல்."

"நம்ம ஆளுங்க கூச்சல்தானே, கேட்டுட்டுப் போறேன்."

"பெருமழை பேஞ்சா கால்வாய்த் தண்ணி கூடத்துக்கே வந்துரும்."

"நல்லதாப் போச்சு, கூடம் கழுவுற வேலை மிச்சம்."

"மாடியில ஒரு சீனக் கிழவி வாடகைக்கு இருக்கு. விடிய விடிய இருமும்."

வேலாயுதம் வாயைத் திறப்பதற்குள் மனைவி கண்மணி முந்திக்கொண்டாள். "ஐயோ, மருந்து ஏதும் சாப்பிடறாங்களா?"

"வீடு பாக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று அதட்டினார் வேலாயுதம்.

ஜரீனா கண்மணியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"வாயை அடைச்சேன் பாத்தியா!" வேலாயுதத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்மளை விரட்டிட்டு, தானே சல்லிசா வாங்கப் பாக்குது அந்தம்மா. லாசரஸ், விலையைப் பேசி முடிங்க."

கூட வந்திருந்த தரகர் லாசரஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுவாரம் வக்கீல் ஆபீஸில், வீட்டை விற்பவராக வந்து உட்கார்ந்திருந்தது அதே ஜரீனா!

வேலாயுதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களா? சொந்த வீட்டையா அப்படி மட்டமாப் பேசினீங்க?"

"ஆள் எப்படின்னு பாக்கணும்ல? வந்தவங்க எல்லாரும் இருமலைச் சொன்னதுமே, 'கிழவியை எப்பக் காலி பண்ணலாம்'னுதான் கேட்டாங்க. போயிட்டு வாங்கன்னுட்டேன்."

அன்று வேலாயுதத்தின் நாக்கு நுனிவரை வந்திருந்ததும் அதே கேள்விதான். ஆனாலும் அசரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டீங்களே!"

"நீங்க என்ன கேக்க இருந்தீங்களோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்," என்ற ஜரீனா, வக்கீல் பக்கம் திரும்பினார்.

"பத்திரத்தைக் கண்மணியம்மா பேருக்கு எழுதுங்க. அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன்."