சிவப்பு லிவர்

கடலுக்குப் போன வாஜித் விடிந்து வெகுநேரமாகியும் வீடு திரும்பவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்த அவன் தாய் ஜன்னத் பீவியின் காதில், சாத்திய அறைக்குள்ளிருந்து மகள் ரிஃபானா ஃபோனில் அதட்டுவது விழுந்தது.

“எஞ்சின் கிளம்பலைன்னா? டாங்கி வால்வைத் தொறந்தியா, மொதல்ல அதைச் சொல்லு.”

ஜன்னத் பீவி கதவோரம் நின்றுவிட்டாள். மகனின் போட்டு நடுக்கடலில் நிற்கிறது. நீரோட்டம் எல்லை தாண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

“சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணாத, பேட்டரி செத்துரும். பெட்ரோலை மூக்கு முட்டக் குடிச்சிருக்கு. சிவப்பு லிவரை வெளிய இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு. பத்துனதும் உள்ள தள்ளிரு.”

ஜன்னத் பீவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“ஃபோனைக் குடுடி. எம்புள்ள எங்கிட்டு நிக்கிறான்?”

ரிஃபானா முறைத்தாள். “ஒம்புள்ள அப்பவே கரை ஏறியாச்சு. மீன் ஏலத்துல நிக்கிதாம், நீ பால் வாங்கப் போனப்ப பேசுச்சு. இது என்கூடப் படிச்ச ஜாஸ்பின்.”

“அப்ப எஞ்சினு?”

“கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டிப் பழகுறோம். ஏன், பொட்டப்புள்ளைக எஞ்சினைப் பத்திப் பேசக் கூடாதா?”

ஃபோனுக்குள் எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது. ஜன்னத் பீவி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“ஏரோப்ளேன்தானா? நல்லவேளை. நான் நம்ம போட்டாக்கும்னு பயந்துட்டேன்.”