குட்டியூண்டு ஆத்துமா

"பியூசிலானிமஸ்!"

ஷைனி கத்திய கத்தலில், சாயங்கால டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த அருள்பிரகாசத்துக்குப் புரையேறியது.

"இன்னாமா அது, கெட்ட வார்த்தையா?"

"உனக்குன்னே செஞ்ச இங்கிலீஷ் வார்த்தை நைனா. லத்தீன்லேர்ந்து வந்தது. புசிலுஸ்னா குட்டியூண்டு. அனிமுஸ்னா ஆத்துமா. ரெண்டையும் ஒட்டினா, குட்டியூண்டு ஆத்துமாக்காரன். பயந்தாங்கொள்ளி!"

அவர் வேலை செய்யும் எண்ணூர் ஃபேக்டரியில் வாயு கசிந்து இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கலெக்டருக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்ததே எம்.ஏ. படிக்கும் ஷைனிதான். கசிவை மறைத்த முதலாளியை அதில் இதே வார்த்தையால் திட்டியிருந்தாள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. பெற்ற அப்பன் மட்டும் மாட்டேன் என்கிறார்.

"வேணாம்மா, பேஜாராயிடும். உன் படிப்பு கீது."

"என் படிப்புக்குப் பின்னால ஒளியாதே நைனா! நானா இருந்தா நெஞ்சை நிமிர்த்தி, 'ஆமா, நான்தான்'னு நிப்பேன்."

மனு போன நாலாம் நாள் காலை. ராயபுரத்துச் சந்துக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தது. ஷைனி உள்ளறைக்குள் ஓடினாள்.

"இந்த மனுவை டைப் அடிச்சுக் குடுத்தது யாருய்யா?" இன்ஸ்பெக்டரின் குரல். "வேலைக்காரங்களைத் தூண்டிவிட்டதா கேஸ். உன் பொண்ணு இங்கிலீஷ் எம்.ஏ.வாமே? கூப்பிடு."

கேஸ் என்றால் காலேஜ் போச்சு. ஸ்டேஷன், கோர்ட்டு... ஷைனிக்கு வெளியே நைனாவின் குரல் கேட்டது.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். எழுதினது நானு."

"நீயா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "உன் கையெழுத்தே இதுல காணோமே?"

"எழுதினவன் தன் பேரைக் காட்டிக்குவானா சார்?"

"அப்படியா? இதோ, இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு பார்ப்போம்."

ஷைனி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். தொலைந்தது.

"அதுவா? லத்தீன் சார். புசிலுஸ்னா குட்டியூண்டு. அனிமுஸ்னா ஆத்துமா. ஒட்டினா பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுல சர்ச்சுல லத்தீன் பூசைக்கு மணி அடிச்சவன் சார் நானு."

சிரிப்பு நின்றது.

"சட்டையை மாட்டிக்கிட்டு வா."

செருப்புச் சத்தம் உள்ளறைக் கதவை நெருங்கியது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் மெல்ல விழுந்தது. வாயாடி மகள் 'ஆமா, நான்தான்' என்று பாய்ந்து வந்துவிடுவாளோ என்று நைனாவுக்குப் பயம்.

உள்பக்கத் தாழ்ப்பாளை, ஜீப் வந்து நின்றபோதே ஷைனி போட்டுவிட்டிருந்தாள்.