சூப்பர்மா

கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் இன்னும் டோலக்கைத் தொடக்கூட இல்லை.

தொண்டர்கள் நாலு பேர் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான் இந்தக் கைதட்டல். பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘அனைவருக்குமான கோடை இசை முகாம்’ என்று பெரிய பெரிய எழுத்து. அனைவரும் ஏற இருந்தது என்னவோ படிக்கட்டு மட்டும்தான்.

முன்வரிசையில், நிறைவு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டார். பாட்டே ஆரம்பிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முகாம் தொடங்கிய நாளிலிருந்து இதே கூத்துதான். பாளையங்கோட்டையில் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயிலில் கிளமெண்ட் சார் எல்லோரையும் வறுத்தெடுப்பார். கீபோர்டு பையனுக்குத் தலையில் குட்டு. புல்லாங்குழல் வாசிக்கிறவளுக்கு, குக்கர் விசில் இதைவிடச் சுதியாக இருக்கும் என்று பாராட்டுப் பத்திரம். இன்னொரு டோலக்குக்காரன் சுடலைமுத்து வாசித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

“ஏல, டோலக்குன்னு நெனச்சியா, பரோட்டா மாவுன்னு நெனச்சியா?”

வகுப்பே சிரிக்கும். சுடலைமுத்துவும் சிரிப்பான். மறுபடி வாசிப்பான். மறுநாள் முன்னைவிடத் தேறியிருப்பான்.

அவள் முறை வரும்போது சாரின் முகம் குழைந்துவிடும்.

“சூப்பர்மா.”

அவ்வளவுதான். தினமும் அதே சூப்பர்மா.

ஒருநாள் சாரிடம் தனியாக வாசித்துக்காட்டும்போது சோதித்தே பார்த்துவிட்டாள். வேண்டுமென்றே தாளத்தைத் தாறுமாறாக அடித்தாள். ஒரு குழந்தை தட்டைக் கவிழ்த்துவைத்துக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

சார் கண்ணை மூடித் தலையாட்டினார்.

“சூப்பர்மா.”

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பசியே இல்லை.

அவளுக்குத் தேவை ஒரே ஒரு பதில். ஜங்ஷனில் ஒரு மெல்லிசைக் குழுவில் டோலக்குக்கு ஆள் தேடுகிறார்கள். கல்யாணம், கோயில் கொடை, கட்சி விழா என்று வருஷம் முழுக்க மேடை. போய்க் கேட்கலாமா? கேட்கிற அளவுக்குக் கை இருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்பாவிடம் மல்லுக்கட்டி இந்த முகாமுக்கே வந்தாள். வீட்டில் கேட்டுப் புண்ணியமில்லை. அங்கே அவள் தண்ணீர் குடித்தாலே பாராட்டுவார்கள். இங்கேயும் அதே லட்சணம் என்றால் எங்கே போய்க் கேட்பது?

இசக்கியிடம் கேட்டிருக்கலாம். முகாமிலேயே நல்ல குரல் அவளுக்குத்தான். ஆனால் அவள் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசுகிறவள் இல்லை. பாடும்போது சுடலைமுத்து பின்னால் ஒரு அடி பிசகினால் போதும், திரும்பி ஒரு முறை முறைப்பாள். அவன் பாடு திண்டாட்டம். பின்னால் இவள் வாசிக்கும்போது இசக்கி திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒத்திகை முழுக்க முதுகுதான்.

முறைக்கக்கூட லாயக்கில்லாதவள் என்று நினைக்கிறாள் போல. இவள் மனதுக்குள் பொருமிக்கொண்டாள்.

மேடையில் நாற்காலியை இறக்கிவைத்தார்கள். ஒரு தொண்டர் அக்கா போகிற போக்கில் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் கன்னத்தை.

இசக்கி மைக்கைப் பிடித்தாள். பாட்டு தொடங்கியது.

முதல் அடி விழுந்ததுமே கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. கைதட்டல் ஓயவில்லை. தன் டோலக் சத்தம் தனக்கே கேட்கவில்லை. கண்ணுக்கு நேரே ஏகப்பட்ட செல்போன்கள். எல்லாம் அவள் காலையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவள் கையைப் பார்க்கவில்லை.

போதும் என்று ஆகிவிட்டது.

ஒரு அடியை விழுங்கினாள். கைதட்டினார்கள்.

ஓட்டத்தைக் கூட்டினாள். விசிலடித்தார்கள்.

சரணத்தின் நடுவில் இஷ்டத்துக்குப் போட்டுச் சாத்தினாள். சிறப்பு விருந்தினர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். மேடை ஓரத்தில் நின்ற கிளமெண்ட் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இசக்கியின் முதுகு விறைத்தது.

பாட்டு நின்றது.

இசக்கி திரும்பினாள். மைக் இன்னும் அவள் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“ஏட்டி, என்னத்த அடிக்குத? நேத்துலாம் நல்லாத்தான அடிச்ச?”

அரங்கத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் அது கேட்டது.

கைதட்டல் அப்படியே அடங்கியது. சிறப்பு விருந்தினரின் கைகள் தலைக்கு மேலேயே நின்றுவிட்டன. யாரோ ‘அய்யோ பாவம்’ என்றார்கள். கிளமெண்ட் சார் முகம் வெளிறிப்போய் ஓடி வந்தார். இசக்கியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கப் போனார்.

நாற்காலியிலிருந்தே அவள் சாரைப் பார்த்து, வேண்டாம் என்று கையை உயர்த்தினாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளங்கை வியர்த்திருந்தது. சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மடியில் சரிந்திருந்த டோலக்கை இழுத்து நேராக வைத்தாள்.

“முதல்ல இருந்து பாடுட்டி” என்றாள்.

இசக்கி ஒரு முறை முறைத்தாள். நன்றாக, நின்று நிதானமாக முறைத்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது யாரும் தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அரங்கத்தில் மின்விசிறிச் சத்தமும் இசக்கியின் குரலும் டோலக் சத்தமும் மட்டும்தான்.

பல்லவி முடிந்தது.

முதல் சரணம் முடிந்தது.

இரண்டாவது சரணமும் முடிந்தது.

இசக்கி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.